கரிசல் வெடிப்புல வேர் ஏன் கிளை விடுறதில்ல?

(காட்சி: சங்கரன்கோவில் பக்கம் ஒரு கரிசக்காடு. காய்ஞ்சு வெடிச்ச மண்ணு. கேமரா வெடிப்புக்குள்ள இறங்குது.)

குரல்: கரிசல் காய்ஞ்சா கை நுழையிற அளவுக்கு வெடிக்கும். ஒரு இளவேர் இந்த இடைவெளியத் தாண்டி எதிர்ச் சுவருக்கு வளருதுன்னு வைங்க. காத்துல வளர்ற அந்த நீளத்துல அது கிளை விடாது. ஈர மண்ணத் தொட்டப்புறம்தான் பக்க வேர் விட ஆரம்பிக்கும். கண்ணும் மூளையும் இல்லாத வேருக்கு இது எப்படித் தெரியுது?

(காட்சி: வீட்டு முற்றம். முருங்கைப் போத்து நடுறாங்க.)

குரல்: பதிலுக்கு முன்னாடி முருங்கைய ஒரு தடவ பாத்துருவோம். போத்து நடும்போது, "அடிய மண்ணுல வைடே"ன்னு தாத்தா சொல்லுவாரு. காரணம் ஆக்சின். கொழுந்துல உருவாகி, செல் செல்லா கீழ இறங்குற ஹார்மோன் அது. செல்லோட அடிப்பக்கத்துல இருக்குற 'பின்' (PIN)ங்கிற புரதங்கள்தான் அத வெளிய தள்ளி விடுற மடைவாய். வெட்டுன இடத்துக்குக் கீழ வழி இல்ல; ஆக்சின் அங்கேயே தேங்குது. தேங்குன இடத்துல செல் பிரிஞ்சு புது வேர் பிறக்குது. தண்டத் தலகீழாத் திருப்பினாலும் மடைவாய் திரும்பாது. பழைய அடிமுனைதான் வேர் விடப் பாக்கும்.

(காட்சி: அனிமேஷன். வேரோட குறுக்கு வெட்டு, வட்ட வட்டமா செல் அடுக்குகள்.)

குரல்: பக்க வேருக்கும் இதே ஆக்சின்தான். ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காத்துன்னா, ஈரம் பட்ட பக்கம்தான் கிளை வரும். 2014ல இதச் சோதனையில காட்டுனாங்க. சுத்தியும் காத்துன்னா என்ன ஆகும்? அதுக்கான விடை 2022ல வந்துச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விடை. வெளிய ஈரம் இல்லாதப்போ, வேர் நடுவுல இருக்குற குழாய்லேர்ந்து தண்ணி வெளிப்பக்கம் நகருது. அதோட அப்சிசிக் அமிலமும் வருது. வறட்சியில இலைத்துளைய மூடுற அதே ஹார்மோன்தான். அது செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்குற நுண்துளைகள அடைச்சிடும். ஆக்சின் உள்ள போக வழியில்ல, கிளையும் இல்ல. மறுபடி ஈரம் பட்டா அடைப்பு திறக்கும். கிடைக்காத தண்ணிக்காக ஒரு வேரக்கூடச் செலவழிக்காத சிக்கனம் இது!

(காட்சி: பிசானத்து வயல். குளத்துக் கடைமடை.)

குரல்: சரி, நெல்லுக்கு வருவோம். ஐ.ஆர்.64 ரகத்துக்கு வேர் மேலாப்புலயே படரும். பிலிப்பைன்ஸ் மேட்டுநில ரகம் கினாண்டாங் பாட்டோங்குக்கு நேரா கீழ இறங்கும். இந்த வித்தியாசத்துக்குக் காரணமான மரபணு ஒண்ண ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2013ல அடையாளம் காட்டுனாங்க. பேரு டி.ஆர்.ஓ.1, ஆக்சின் சொல்படி நடக்குற மரபணு. புவியீர்ப்பு பக்கமா வேர் எவ்வளவு சாயணும்கிறதுல இதுக்குப் பங்கு உண்டு. ஐ.ஆர்.64ல அந்த மரபணுவுல ஒரே ஒரு எழுத்து விட்டுப்போச்சு. அதனால புரதம் பாதியில நின்னுடுது, வேர் சாய்வும் குறையுது.

கலப்பினம் பண்ணி முழு மரபணுவ ஐ.ஆர்.64க்குள்ள கொண்டு வந்தாங்க. வேர் ஆழமாப் போச்சு. தண்ணிய நிறுத்திப் பாத்தப்போ, பழைய ஐ.ஆர்.64 மணி பிடிக்காமத் தவிச்ச வறட்சியிலயும் இது கதிர் கொடுத்துச்சு.

(காட்சி: தண்ணி வந்து சேராத கடைசி வயல். அப்படியே இருட்டு.)