பீலிக்குக் கீழ வைச்சு அளந்தால் அது ஊரின்ர அளவில்லை

வணக்கம், வெள்ளவத்தையில இருந்து. இண்டைக்கு எனக்குச் சரியான எரிச்சல். 2011இல அணு உலை விபத்து நடந்த ஜப்பானின்ர புகுஷிமாப் பக்கம் ஒரு வீட்டில கைகர் மீற்றர் (கதிர்வீச்சை அளக்கிற கருவி) விடாமக் கத்துற வீடியோ ஒண்டு வட்ஸ்அப்பில சுத்துது. மீற்றர் எங்க இருக்கு எண்டு பாத்தீங்களா? கூரைப் பீலித் தண்ணி விழுற மூலையில, நிலத்தோட ஒட்டி! உலையில இருந்து வந்து கூரையில விழுந்த சீசியம் எண்ட கதிரியக்கப் பொருள் மழையோட கழுவுப்பட்டு அங்கதான் சேரும். ஊரின்ர அளவு வேணுமெண்டால் நிலத்தில இருந்து 1 மீற்றர் உயரத்தில அளக்கோணும். என்ர தடியில சிவப்பு டேப் இருக்கிறது அதுக்குத்தான்.

அந்த டிக் டிக் சத்தம் எனக்கு அறவே பிடிக்காது. இயற்கைக் கதிர்வீச்சு எங்கயும் இருக்கிறதால அது கொழும்பிலயும் கேக்கும். உங்கட மீற்றருக்குள்ள கதிர்வீச்சைப் பிடிக்கிற ரியூப் நிமிசத்துக்கு 20 டிக் எண்ணுது எண்டு வையுங்கோ. டிக் ஒரே சீரா வராது, அதால எண்ணிக்கையின்ர வர்க்கமூலமளவு பிழை இருக்கும். 20இன்ர வர்க்கமூலம் ஏறக்குறைய நாலரை, அப்ப ஒரு நிமிச அளவில பிழை 22 வீதம்! 5 நிமிசம் எண்ணினால் 100 டிக், பிழை 10 வீதம். சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு 5 நிமிசம் பொறுங்கோ. திரையில தெரியிறது டிக் எண்ணிக்கையோ மைக்ரோசீவர்ட்டோ (உடம்பில படுற கதிர்வீச்சின்ர அலகு) எண்டும் பாருங்கோ. எண்ணிக்கையை மாத்துற கணக்கு ரியூபுக்கு ரியூப் வேற. செட்டிங்கில பிழையான ரியூப் கிடந்தால் எல்லாமே பிழை.

ஜப்பானில துப்பரவுக்கு ஊர்களைத் தெரிஞ்செடுத்த எல்லை மணிக்கு 0.23 மைக்ரோசீவர்ட். அதில 0.04 நிலத்தில இயற்கையா இருக்கிறது. மிச்சம் 0.19: வெளியில 8 மணித்தியாலம், வீட்டுக்குள்ள 16, வீடு மறைக்கிறதால உள்ளுக்கு 0.4ஆல பெருக்கோணும். 365 நாளுக்கு வருசம் 1 மில்லிசீவர்ட் (1000 மைக்ரோசீவர்ட்) வரும்.

ஆ, மறந்துபோனன், மீற்றரை சிப் பேக்குக்குள்ள போடுங்கோ. தூசு ஒட்டினால் அடுத்த இடத்திலயும் அதே தூசைத்தான் அளப்பீங்கள்.

தூரத்தை மட்டும் வைச்சுச் சொல்லுறதும் சரியில்லை. ஈத்தாத்தே கிராமம், உலையைச் சுத்தி ஆக்களை வெளியேத்தின 20 கிலோமீற்றர் வட்டத்துக்கு வெளியில, வடமேற்கில. 2011 மார்ச் 15 காத்து அங்கால திரும்ப, மழையும் பனியும் எல்லாத்தையும் இறக்கிப்போட்டுது. உலைக்குக் கிட்ட இருந்த சில கரையோர ஊர்களில அளவு அதைவிடக் குறைவு.

திகதியும் வேணும். விழுந்த சீசியத்தில 134, 137 எண்டு ரெண்டு வகை. சீசியம்-134இன்ர அரைவாழ்வு (பாதி அழிய எடுக்கிற காலம்) 2 வருசம், 137க்கு 30. முதல்ல அளவு வேகமா இறங்கினது 134 அழிஞ்சதாலயும்தான். இனி மெதுவாத்தான் இறங்கும்.

பேருவளைக் கடற்கரை மணலில மொனசைற் எண்ட கனிமம் இருக்கு, அதுக்குள்ள தோரியம், அது இயற்கையாவே கதிர்வீசுற உலோகம். அங்க அளக்கிற ஆக்கள் உயரம், நிமிசம், ரியூப் பேர், திகதி நாலையும் கமெண்டில போடுங்கோ.