பெரியம்மா கொடுத்த மாத்திரையும் நான் மறுத்த மாத்திரையும்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் செங்காங் வீட்டிலிருந்து பேசுகிறேன். கீழே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று போன மாதம் ஒரு வார்த்தை சொன்னேன். அதற்கு வந்த கேள்விகள் எல்லாம் ஒன்றைத்தான் கேட்டன: "அது பழகிப்போகுமே, பயமில்லையா?" அதற்குத்தான் இந்தக் காணொளி. நான் மருத்துவர் இல்லை. என் உடம்பில் நடந்ததையும், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாலை, வேலை முடிந்து தோபி காட்டில் ரயில் ஏறினேன். லிட்டில் இந்தியா வருவதற்குள் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது, மூச்சு உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. ஃபேரர் பார்க்கில் இறங்கி நடைமேடை இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். மாரடைப்பு, இங்கேயே போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன். அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். அதன் பிறகு நான் ரயிலில் ஏறவில்லை. பேருந்து மாறி மாறிப் போனேன், தினமும் கூடுதலாக ஒரு மணி நேரம்.

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் இதைப் பீதித் தாக்குதல் என்றார். எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். சரி என்று வாங்கி வந்தேன். அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "மூளைக்குப் போகிற மாத்திரையாம்மா? உனக்கு எதற்கு அது?" என்றார். அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் அது அங்கேயே கிடந்தது.

அதே இரண்டு மாதத்தில் என்ன செய்தேன் தெரியுமா? தீபாவளிக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை எடுத்தார். கிளினிக்கில் மருந்து போட்டுக் கொடுப்பார்களே, ஜிப் வைத்தது, அதுதான். அதில் அவர் பெயர், தேதி, தூக்கம் வரும் என்ற எச்சரிக்கை எல்லாம் அச்சடித்திருந்தது. "பாதி போட்டுக்கோ கண்ணு, மனசு அடங்கிடும்" என்று ஐந்தாறு மாத்திரையைக் கையில் கொட்டினார். அல்பிரசோலம். மருத்துவர் எனக்கென்று எழுதியதை மறுத்த நான், பெரியம்மாவுக்கு எழுதியதை ஒரு கேள்வியும் கேட்காமல் விழுங்கினேன். அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அது வேலை செய்தது. பொய் சொல்ல மாட்டேன். அரை மணி நேரத்தில் விசையை அணைத்த மாதிரி எல்லாம் அமைதியாகிவிட்டது. ரயிலில் போனேன், வந்தேன். தீர்ந்ததும் மறுபடி கேட்டு வாங்கினேன். மூன்றாவது வாரம் பாதி போதவில்லை, முழுசாகப் போட்டேன். மதியம் கூட்டத்தில் சொன்னது மாலையில் நினைவில்லை. அப்போதுதான் பயம் வந்து, மருத்துவரிடம் உள்ளதைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "பயத்துக்கு மாத்திரை என்று ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் இவை இரண்டு வேறு குடும்பம்" என்றார்.

அல்பிரசோலம், டயஸிபாம், லோராஸிபாம் எல்லாம் பென்ஸோடயஸிபைன் வகை. மூளையை அடக்கும் காபா என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டிவிடும், அதனால்தான் உடனே பலன். உடம்பு சீக்கிரமே பழகி இன்னும் கேட்கும். வாரக்கணக்கில் தினமும் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தாலோ, கோடீன் கலந்த இருமல் மருந்தோடு சேர்ந்தாலோ மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்து. வயதானவர்கள் இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்கிறார்கள். சுகாதார அமைச்சு 2008லேயே வழிகாட்டி போட்டிருக்கிறது: மொத்தம் எட்டு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் பொது மருத்துவர் தானே தொடர்ந்து கொடுக்காமல் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். ஆனாலும் இது கெட்ட மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். கடுமையான நேரத்தில், சில நாளைக்கு, மருத்துவர் கண்காணிப்பில் இது பெரிய உதவி.

நான் அலமாரியில் வைத்த எஸ்சிட்டலோபிராம் எஸ்எஸ்ஆர்ஐ வகை, அதைத்தான் பிறகு போடத் தொடங்கினேன். மூளையில் இருக்கும் செரட்டோனின் என்ற ரசாயனம் சம்பந்தப்பட்டது. போதை தராது, இன்னும் இன்னும் என்று கேட்காது. ஆனால் பொறுமை வேண்டும், பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். எனக்கு முதல் பத்து நாள் குமட்டல், தலைவலி, பதற்றம்கூட கொஞ்சம் கூடியது. பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். தாம்பத்திய ஆசை குறையலாம், இதைக் கேட்க யாரும் வெட்கப்பட வேண்டாம். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம் என்ற எச்சரிக்கை உண்டு, வீட்டில் ஒருவர் கூடவே கவனிக்க வேண்டும். அப்படி எண்ணம் வந்தால் தாமதிக்காமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767க்கு அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் ரயிலில் புத்தகம் படித்துக்கொண்டே வந்து, நிமிர்ந்து பார்த்தால் ஹவ்காங் நிலையம். ஃபேரர் பார்க் எப்போது போனது என்றே தெரியவில்லை.

அப்புறம் நானே ஒரு தப்புச் செய்தேன். எட்டு மாதம் ஆனதும் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் தலையைத் திருப்பினாலே உள்ளே மின்சாரம் சுரீர் என்று ஓடுகிற மாதிரி, கூடவே எரிச்சல், கெட்ட கனவு. இதையும் பழக்க அடிமைத்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். மருந்தைத் தேடி மனம் ஏங்குவதில்லை, ஆனால் உடம்புக்கு மெதுவாக இறங்க நேரம் வேண்டும். மறுபடி தொடங்கினேன்.

மாத்திரையே வேண்டாம் என்பவர்களுக்குச் சிபிடி என்ற பேச்சு சிகிச்சை இருக்கிறது. பீதிக்கு நல்ல பலன் தருவது. நான் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். பயந்த ரயிலில் ஒவ்வொரு நிலையமாகக் கூட்டிப் போகப் பழக்கினது அதுதான். செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: 2014லிருந்து பதற்றக் கோளாறு சிகிச்சைக்கு மெடிசேவ் என்ற நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம், மருந்தகத்தில் கேளுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன். இப்போது போடும் 10 மில்லிகிராமிலிருந்து படிப்படியாகக் குறைப்பதைப் பற்றிப் பேச வேண்டும். அம்மாவும் கூட வருகிறேன் என்கிறார். எதற்கம்மா என்று கேட்டேன். "பெரியம்மா எத்தனை வருடமாக அதைப் போடுகிறாள் என்று நேற்றுதான் கேட்டேன். அவளை எப்படி நிறுத்த வைப்பது என்று கேட்க வேண்டும்" என்றார்.