வீடு திரும்பும் வழி

நண்பர்களே, வணக்கம்.

குழந்தைப் போராளி என்றதும் நம் எல்லோருக்கும் துப்பாக்கி ஏந்திய ஒரு சிறுவனின் படம்தான் நினைவுக்கு வரும். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் அந்தத் துப்பாக்கியைக் கொடுப்பதற்கு முன்பே இன்னொரு வேலையை முடித்துவிடுகிறார்கள். அவன் வீடு திரும்பும் வழியை அடைத்துவிடுகிறார்கள். இன்று நான் பேச நினைப்பது அதைப் பற்றித்தான்.

வட உகாண்டாவை எடுத்துக்கொள்வோம். ஆச்சோலி மக்கள் வாழும் பகுதி. அங்கே 1980களின் பிற்பகுதியில் ஜோசப் கோனி என்பவர் தொடங்கிய எல்.ஆர்.ஏ. (லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி) என்ற கிளர்ச்சிப் படை, 20,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கடத்தியது என்பது யுனிசெஃப் கணிப்பு. மக்கள் விரும்பிச் சேரவில்லை. அதனால் குடிசைகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தப்ப முயன்று பிடிபட்ட ஒரு பிள்ளையை, புதிதாக வந்த பிள்ளைகளே அடித்துக் கொல்ல வேண்டும். கொல்லப்படுவது பக்கத்து வீட்டுப் பையனாக இருக்கலாம், சொந்தக்காரனாகக்கூட இருக்கலாம். அதற்கப்புறம் அந்தச் சிறுவனிடம் சொல்வார்கள்: இனி உன் ஊர் உன்னைச் சேர்க்காது. பத்து வயதுப் பிள்ளை அதை நம்பாமல் என்ன செய்யும்?

கடத்திப் போய்விடுவார்கள் என்ற பயத்தால்தான் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பொழுது சாயும்போது கிராமங்களிலிருந்து குலு நகரத்துக்கு நடந்து வந்து, பேருந்து நிலையத்திலும் கடை வாசல்களிலும் படுத்துவிட்டு, விடிந்ததும் திரும்பிப் போனார்கள்.

1996 அக்டோபர் 10 அன்று விடிவதற்குள் அபோக்கே என்ற ஊரின் பெண்கள் பள்ளிக்குள் எல்.ஆர்.ஏ. புகுந்தது. 139 மாணவிகளைக் கொண்டுபோனது. துணைத் தலைமையாசிரியை ரசேலே ஃபசேரா, இத்தாலியக் கன்னியாஸ்திரி. ஓர் ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காட்டுக்குள் அவர்களைத் தேடிப் போனார். தளபதியிடம் மன்றாடினார். 109 பேரை விட்டார்கள். 30 பேரை விட மறுத்துவிட்டார்கள். அந்த முப்பது பேரின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் எப்படித் திரும்பி நடந்திருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது.

அந்த முப்பது பேரில் ஒருத்தியின் தாய் ஆஞ்செலினா அத்யாம். ஊடகங்களில் பேசுவதை நிறுத்தினால் உங்கள் மகளை விட்டுவிடுகிறோம் என்று படையிடமிருந்து அவருக்குத் தூது வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் விடுங்கள் என்றார் அவர். மகள் திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆயின. இதை அரசியல் துணிச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. பெற்ற வயிறு அதற்கு என்ன விலை கொடுத்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இதே பெற்றோர்களும், பல மதங்களைச் சேர்ந்த ஆச்சோலி மதத் தலைவர்களும்தான் பொது மன்னிப்புக்காகப் போராடினார்கள். ஊரை எரித்தவர்களுக்கு மன்னிப்பா என்று வெளியார் கேட்டார்கள். எரித்தவர்கள் எங்கள் பிள்ளைகள்தானே என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். 2000இல் உகாண்டாவில் பொது மன்னிப்புச் சட்டம் வந்தது. எல்.ஆர்.ஏ.வை விட்டு வந்த 12,000க்கும் மேற்பட்டோர் அதன் கீழ் மன்னிப்புப் பெற்றார்கள். குலுவின் மெகா எஃப்.எம். வானொலியில் ‘த்வோக் பாச்சோ’ என்று ஒரு நிகழ்ச்சி; வீட்டுக்கு வா என்று அர்த்தம். தப்பி வந்தவர்களே அதில் பேசினார்கள். நான் உயிரோடு இருக்கிறேன், ஊர் என்னை ஏற்றுக்கொண்டது, நீயும் வா. காட்டிலிருந்தவர்கள் ரகசியமாகக் கேட்டார்கள். கோனி அடைத்த வழியை ஒரு வானொலி திறந்தது. ஊர் எல்லையில் முட்டையை மிதித்து உள்ளே வரும் பழைய சடங்கையும் திரும்பி வந்தவர்களுக்காக நடத்தினார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வழி பாதிதான் திறந்தது. தளபதிகளுக்கு ‘மனைவி’யாக்கப்பட்டவர்கள் கைக்குழந்தைகளோடு திரும்பினார்கள். ஆச்சோலி வழக்கத்தில் நிலம் தகப்பன் வழிக் குலத்தில்தான் கிடைக்கும். தகப்பன் காட்டில் செத்துப்போன கிளர்ச்சிக்காரன் என்றால் அந்தக் குழந்தைக்கு எந்தக் குலம், எந்த நிலம்? வளர்ந்து ஆளான பிறகும் இந்தக் கேள்வியோடு அலைகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

தமிழில் இதைப் பேசிவிட்டு இலங்கையைப் பேசாமல் போவது நேர்மையாகாது. 2003 முதல் 2008 வரை விடுதலைப் புலிகள் 6,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் படையில் சேர்த்ததை யுனிசெஃப் பதிவு செய்திருக்கிறது. பிரிந்துபோன கருணா அணியும் பிள்ளைகளைப் பிடித்தது. வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் கேட்டபோது, மகளைக் காப்பாற்றச் சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துவைத்தவர்கள் உண்டு. அந்த மக்கள் மீது குண்டு போட்ட அரசின் குற்றம் இதனால் ஒரு துளியும் குறையாது. அந்தக் குற்றத்தைச் சொல்லி இதை மூடவும் முடியாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நாம் பழக வேண்டும்.

சட்டத்துக்கு வருகிறேன். 15 வயதுக்கு உட்பட்டவர்களைப் படையில் சேர்ப்பது போர்க் குற்றம். 2002இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. நெறிமுறை, ஆயுதக் குழுக்கள் 18 வயதுக்கு உட்பட்ட யாரையும் சேர்க்கக் கூடாது என்கிறது. ஆனால் அரசுகள் 16 வயதில் விருப்பத்தின் பேரில் சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்டன் இன்றும் சேர்க்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

சட்டம் திணறிய இடம் டொமினிக் ஓங்வென் வழக்கு. சுமார் ஒன்பது வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் எல்.ஆர்.ஏ.விடம் சிக்கியவர். வளர்ந்து அதே படையில் தளபதியாகி, மற்ற பிள்ளைகளைப் பிடித்தார். 2021இல் ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 61 குற்றங்களில் அவரைக் குற்றவாளி என்றது. குழந்தைகளைப் படையில் சேர்த்ததும் அதில் ஒன்று. அவருடைய குழந்தைப் பருவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஆயுள் தண்டனை தராமல் 25 ஆண்டுகள் விதித்தது. தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். அவர் ஆளான பிறகு செய்தவற்றால் சிதைந்தவர்கள் பல ஆயிரம் பேர். ஆனால் அந்த ஒன்பது வயதுப் பையனைக் காக்கத் தவறியவர்கள் யாரும் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை.

2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் இழப்பீட்டு ஆணை பிறப்பித்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். தலைக்கு 750 யூரோ, அதோடு மருத்துவ, மனநல உதவிகள். மொத்தம் 5 கோடி யூரோவுக்கு மேல். முன்னாள் குழந்தைப் போராளிகளும், காட்டில் பிறந்த குழந்தைகளும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஓங்வெனிடம் பணம் இல்லை. எனவே நீதிமன்றத்தின் அறநிதி, நாடுகளிடமும் தனியாரிடமும் கேட்டுத்தான் அதைத் திரட்ட வேண்டும். ஆயுதம் வாங்க எந்தப் போரிலும் பணம் இல்லாமல் போனதில்லை. இந்தப் பிள்ளைகளுக்கான பணத்தை உடனே கொடுங்கள் என்று உலக அரசுகளிடம் நாம் கேட்க வேண்டும். இந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தில் இந்தியா சேரவில்லை. அதனால் கேட்கும் உரிமை நமக்கு இல்லாமல் போய்விடாது.

நன்றி, வணக்கம்.