வாளிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு

நேயர்களுக்குக் காலை வணக்கம். இந்த நேரத்தில் அடுப்படியில் நின்றுகொண்டே வானொலி கேட்பவர்கள்தான் அதிகம் என்று நிலையத்தில் சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று. அடுப்படிக் கழிவை வீட்டிலேயே உரமாக்குவது பற்றி நான் பேச வந்திருக்கிறேன், அந்தச் சங்கதி உங்கள் கைக்கு எட்டுகிற இடத்திலேயே கிடக்கிறது. வெங்காயத் தோல், கங்கோங் கீரைத் தண்டு, வடிகட்டிய தேயிலை, பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, வேலைக்கு இறங்கும்போது கீழே பெரிய தொட்டியில் வீசிவிட்டுப் போகிறோம். நம் மலேசியாவில் வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு இந்தச் சாப்பாட்டுக் கழிவுதான்.

பினாங்குத் தீவில் வீசுகிற பை எங்கே போகிறது? பத்து மாவுங் என்ற ஊரில் குப்பையை மாற்றி ஏற்றுகிற நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கடலைத் தாண்டி, பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கம் பூலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. பூலாவ் பூரோங் என்றால் பறவைத் தீவு. பெயரைக் கேட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய் வரலாம் போல இருக்கும். 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. பக்கத்துப் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. என் வீட்டு வாழைப்பழத் தோலுக்கும் அந்தப் புகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் என் வாளிக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் விவசாயம் படித்தவள் இல்லை. பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் 29 வருடம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பழுது தேடுகிற வேலை. பழுது வந்தால் ஆளைத் திட்டாதே, காரணத்தை நோட்டில் எழுது என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள். வேலையை விட்ட பிறகும் அந்த நோட்டுப் பழக்கம் விடவில்லை. என் குப்பைக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் முதல் பக்கம்தான் இந்தக் கதை.

நாங்கள் இருப்பது பாயா தெருபோங்கில் 14ஆவது மாடி. தீபாவளிக்கு வெள்ளையடித்த பெயிண்ட் வாளி ஒன்று சும்மா கிடந்தது. 20 லிட்டர் வாளி, இறுக்கமான மூடி. நல்ல மூடி இருந்தால் வாடை வெளியே வராது என்று நானே முடிவு செய்துகொண்டேன். காய்கறித் தோல், பழைய சோறு, மீன் தலை, மிஞ்சிய சாம்பார் எல்லாம் உள்ளே. தினமும் போடுவேன், டப்பென்று மூடுவேன். பத்தாவது நாள் திறந்து பார்த்தேன். நேயர்களே, காலைப் பசியாறலைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. கறுப்புத் தண்ணீர், அழுகிய முட்டை வாடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ராத்திரி 11 மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் இருக்காது என்று வாளியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். மூடி சரியாக உட்காரவில்லை, உள்ளே காற்று உப்பித் தள்ளுகிறது. ஏழாவது மாடியில் லிஃப்ட் நின்றது. சீன அங்கிள் ஒருவரும் அவர் மனைவியும் ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, கையில் பேரப்பிள்ளை. கதவு மூடிக்கொண்டது. ஏழு மாடி. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். யாரும் பேசவில்லை. அந்தப் பிள்ளைதான் பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏதோ சொன்னது. மக்சிக் என் வாளியைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, “புடு ஊறல் போடுகிறாயா?” என்று மலாயில் கேட்டார். புடு என்றால் மீனை உப்பில் போட்டு ஊற வைக்கிற அந்தக் கிளந்தான் சாஸ். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் லிஃப்ட் சுவரில் மூன்று மொழியில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மீன் கொண்டு போகிறவர்கள் கவனமாக மூடிக்கொண்டு போகவும். தமிழில் எழுத்துப்பிழை இருந்தது. திருத்த வேண்டும் என்று கை துறுதுறுத்தது, ஆனால் எந்த முகத்தோடு போய்த் திருத்துவது?

சரி, நோட்டில் எழுதினேன். பழுது: வாடை, தண்ணீர். காரணம்: தெரியவில்லை. அந்தக் கட்டம் ஒரு மாதம் காலியாகவே இருந்தது. என் அம்மா தோட்டத்தில், லயத்து வீட்டுக்குப் பின்னால், குழியில் இதே குப்பையைத்தானே போட்டார்? அங்கே இந்த வாடை வந்ததே இல்லையே. குழிக்கு மூடி கிடையாது. கோழி கிளறும். மழை வேறு பெய்யும். அம்மாவிடம் கைராசி இருந்தது, என்னிடம் இல்லை என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் ஒருநாள் காலையில் கீழே இறங்கும்போது பெருக்குகிற பெண்ணைப் பார்த்தேன். அங்சானா மரத்துச் சருகைக் குவித்து, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் அடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஈர்க்குமாற்றுச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. அம்மா காலையில் அடுப்படிக் கழிவை முதலில் குழியில் கொட்டுவார். அப்புறம் வாசலும் கொல்லையும் பெருக்குவார். பெருக்கிய சருகையும் குச்சியையும் கொண்டுபோய் அதன் மேலேயே கொட்டுவார். தினமும் இதே வரிசை. நான் பார்த்தது சமையல் கழிவை மட்டும். மேலே விழுந்த சருகை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

நோட்டில் காரணத்தை எழுதினேன். சருகு இல்லை.

இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கை ஈரம் போட்டால், இரண்டு கை காய்ந்தது போடுங்கள். சமையல் கழிவு ஈரம். சருகு, அட்டை, மரத்தூள், தென்னை நார் இதெல்லாம் காய்ந்தது.

ஏன் என்றால், குப்பையை மக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றில் இரண்டு கூட்டம். காற்று இருந்தால் வேலை செய்கிற கூட்டம் ஒன்று. அது வேலை செய்தால் மழை பெய்த மண் வாசம் வரும். காற்று இல்லாத இடத்தில் வேலை செய்கிற கூட்டம் இன்னொன்று. அழுகிய முட்டை வாடை அதனுடையது. வெறும் ஈரமாகப் போட்டால் எல்லாம் சப்பென்று படிந்து இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்து காற்று போக வழியே இருக்காது. சருகு அந்த இடுக்கைத் திறந்து வைக்கிறது, தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. இன்னொன்று, அந்த உயிர்களுக்குச் சாப்பாட்டிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25லிருந்து 30 பங்கு கார்பன். சோற்றுக்குக் குழம்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் கூடுதலாக உள்ள சமையல் கழிவு குழம்பு, கார்பன் கூடுதலாக உள்ள சருகு சோறு. வெறும் குழம்பை எத்தனை நாள் குடிப்பது?

இப்போது அந்தப் புகைக்கு வருகிறேன். குப்பைமேட்டில் லாரி லாரியாகக் கொட்டி, அழுத்தி, மேலே மண் போட்டு மூடுகிறார்கள். உள்ளே காற்று போகாது. காற்றில்லாமல் சாப்பாட்டுக் கழிவு அழுகினால் மீத்தேன் வரும். அது எரிகிற வாயு. இறுக்க மூடிய என் பெயிண்ட் வாளி ஒரு குட்டி பூலாவ் பூரோங். அது உப்பித் தள்ளிய காரணமும் உள்ளே கூடிய வாயுதான்.

அதனால் முதலில் வாளி வாங்காதீர்கள். முதலில் ஒரு சாக்கு தேடுங்கள். அரிசிச் சாக்கு போதும். அதில் காய்ந்தது நிரம்பிய பிறகு வாளியைப் பற்றி யோசிக்கலாம். நம் ஊரில் காய்ந்த பொருளுக்குப் பஞ்சமா? சாலையோரம் மரம் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதைக் கூட்டிப் பிளாஸ்டிக்கில் கட்டி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அப்புறம் நர்சரிக்குப் போய் ஒரு மூட்டை உரம் காசு கொடுத்து வாங்குகிறோம். எனக்கு இதைப் பார்த்தால் இன்றுவரை வயிறு எரிகிறது. எங்கள் பிளாக்கில் பெருக்கும் அந்தப் பெண்ணுக்கு இப்போது என்னைத் தெரியும். வாரத்துக்கு ஒரு மூட்டை ஓரமாக எடுத்து வைப்பார். லிஃப்டில் நான் சருகு மூட்டையோடு நிற்பதைப் பார்த்தால் அந்த ஏழாவது மாடி அங்கிள் இப்போது சிரிக்கிறார். புடு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, நல்ல மனிதர்.

சருகு கிடைக்காதவர்கள் முட்டை அட்டையைக் கிழித்துப் போடலாம். பழைய நாளிதழும் ஆகும், பளபளக்கிற தாள் மட்டும் வேண்டாம். தச்சுப்பட்டறை மரத்தூள் வாங்கினால், பிளைவுட் தூளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் பசை இருக்கும். கோப்பிச் சக்கை பற்றி நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பார்க்கப் பழுப்பாக, உதிரியாக இருக்கிறது, அதனால் காய்ந்த கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் நைட்ரஜன் அதிகம், அது குழம்புக் கணக்கு. கோப்பிக்கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள், வாங்குங்கள், ஆனால் அதற்கும் இரண்டு கை சருகு.

சாமி படத்து மாலையைப் போடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் லிட்டில் இந்தியாவில் வாங்குகிற மாலையை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நைலான் நூல், ஜிகினா, சில நேரம் பிளாஸ்டிக் மணி. பூ மக்கி மண்ணாகிவிடும், நூல் அப்படியே கிடந்து மண்வெட்டியில் சுற்றிக்கொள்ளும். தேர் நாளில் உடைக்கிற தேங்காய் மூடியைக் கொண்டுவந்து போட்டவர் ஒருவர் எனக்குத் தெரியும். சிரட்டை வாளியில் மக்காது. அதற்கு வருடங்கள் ஆகும். டுரியான் தோலும் அப்படித்தான், துண்டு துண்டாக வெட்டினால் ஒழிய அசையாது.

மாடி வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது துளை போட்ட கூடை. துணி போடுகிற பிளாஸ்டிக் கூடை இருக்கிறதே, அதேதான். உள்ளே சுற்றிலும் அட்டை வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தகாகுரா கூடை என்று பெயர். கோஜி தகாகுரா என்ற ஜப்பானியர் இந்தோனேசியாவில் சுரபாயாவில் 2004 வாக்கில் உருவாக்கிய முறை. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், வேலைக்கு ஆள் பிடிக்க அவர் ஜப்பானுக்குப் போகவில்லை. அந்த ஊர்ச் சந்தையில் விற்கிற, நுண்ணுயிர் புளிக்க வைத்த சோயாவான தெம்பேயையும் புளிக்க வைத்த சோறான தாப்பாயையும் எடுத்தார். நம் பசாரிலும் கிடைக்கிறதே. அதைச் சர்க்கரைத் தண்ணீரில் சில நாள் ஊற வைத்து, தவிடும் உமியும் கலந்து பிசைந்து மூடி வைத்தால், மூன்று நான்கு நாளில் மேலே வெள்ளைப் பூசணம் பூக்கும். பூசணத்தைப் பார்த்துப் பயந்து கொட்டிவிடாதீர்கள், அதற்காகத்தான் காத்திருந்தோம். அதைக் கூடையில் பாதிக்குப் போட்டு, தினமும் பொடியாக நறுக்கிய கழிவைக் கலந்து, துணியால் மூடினால் முடிந்தது. தவிட்டுக்குக் கோழித்தீவனக் கடையில் டெடாக் என்று கேளுங்கள், உமிக்குச் செக்காம்.

மீனும் எலும்பும் எண்ணெய்க் குழம்பும் மாடி வீட்டில் வேண்டாம். நான் போட்டுப் பட்டுவிட்டேன்.

கூடைக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் அதில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். நம் ஊரில் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீர் போதும், சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்தால் அபராதம். தட்டில் தண்ணீர் சேர்கிறது என்றாலே உள்ளே ஈரம் அதிகம் என்று அர்த்தம். என்ன செய்ய வேண்டும் என்று இப்போது நீங்களே சொல்வீர்கள். ஒரு கை ஈரத்துக்கு...

சரி. புழு. இதைச் சொல்லாமல் போனால் என்னை விடமாட்டீர்கள். தட்டையாக, பழுப்பு நிறத்தில், அரிசியைவிடப் பெரிதாக நெளிகிற புழு வந்தால் அது கறுப்புப் படைவீரன் ஈ என்கிற ஒரு ஈயின் புழு. வீட்டு ஈ மாதிரி அது நம் சாப்பாட்டில் வந்து மொய்க்காது. பெரிதாகி இறக்கை முளைத்த பிறகு அது தீனிக்கு அலைவதில்லை, சில நாள் பறந்துவிட்டுச் செத்துவிடும். புழுவாக இருக்கும்போதுதான் தீனி, அதுவும் நம் கழிவைத்தான், நம்மைவிட வேகமாக. என் மருமகள் முதல்முறை பார்த்தபோது ஒரு வாரம் பால்கனிப் பக்கமே வரவில்லை. இப்போது அவளே...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமாம். உரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று தனியாக எழுதிக் கொண்டுவந்தேன், மூன்று பக்கம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் தயாராகிவிடும். போட்ட அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். கறுப்பாக, உதிரியாக, எது வெங்காயத் தோல் எது கீரை என்று தெரியாமல் இருக்க வேண்டும். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. தொட்டால் இன்னும் சூடாக இருந்தால் அவசரப்படாதீர்கள், பாதி மக்கியதைச் செடிக்குப் போட்டால் வேர் வெந்துவிடும். சலித்து, ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண். வெறும் உரத்தில் விதை ஊன்ற வேண்டாம். சலிக்கும்போது மேலே நிற்கிற கட்டியைத் தூக்கி எறியாமல் அடுத்த கூடையில் போடுங்கள், உறைமோர் மாதிரி வேலை செய்யும்.

வாடை மூக்கைச் சுள்ளென்று குத்தினால் சருகு போதவில்லை. வாடையும் இல்லை, மக்கவும் இல்லை என்றால் காய்ந்துபோய்விட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கறிவேப்பிலைச் செடிக்கு எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டு ஒரு அக்கா நிலையத்துக்கு எழுதியிருந்தார். அக்கா, மாதத்துக்கு இரண்டு கைப்பிடி, தண்டை ஒட்டிப் போடாமல் சுற்றிலும்... தம்பி ஒரு விரலுக்கு வந்துவிட்டார். மிளகாய்ச் செடிக்கு வேறு கணக்கு, அதை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.