வருஷத்தில் ஒரே நாள் காய்ச்சும் பீர் | சமிக்லவுஸ் டேஸ்டிங், சாந்தோம் மொட்டை மாடியிலிருந்து

வணக்கம் மக்களே. இன்றைக்கு மேஜை மேல் ஒரே ஒரு சின்ன பாட்டில்தான், 330 மில்லி. பெயர் சமிக்லவுஸ், ஆஸ்திரியா பீர். வியன்னாவில் வேலை பார்க்கும் என் சித்தப்பா பையன் லீவுக்கு வந்தபோது, துணிக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தான். 21 வயது ஆகாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டுச் சட்டம் அது. குடித்துவிட்டு யாரும் வண்டியைத் தொட வேண்டாம். சரி, மற்றவர்கள் வாங்க.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்தான்: ஆல்கஹால் 14 சதவீதம். நம் ஊரில் ஸ்ட்ராங் என்று கேட்டு வாங்குவதே 8 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தக் குட்டி பாட்டிலில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 46 மில்லி இருக்கிறது. 5 சதவீத லைட் பீர் 650 மில்லி ஃபுல் பாட்டிலில்கூட 32 மில்லி சொச்சம்தான். விஸ்கி கணக்கில் சொன்னால் இது ஒரு கட்டிங்கையே (90 மில்லி) தாண்டுகிறது. அதனால் நான் இன்றைக்குப் பாதிதான். மீதி கீழ் வீட்டு அண்ணனுக்கு. ஷிஃப்ட் முடிந்து எட்டு மணிக்கு மேல் வருவார்.

இதன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வருஷத்தில் ஒரே நாள், டிசம்பர் 6ஆம் தேதி, புனித நிக்கோலஸ் திருநாளன்று மட்டும்தான் இதைக் காய்ச்சுவார்கள். அப்புறம் சுமார் பத்து மாதம் குளிரில் ஊறப் போட்டுவிட்டு, அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் கடைக்கு அனுப்புவார்கள். ஆரம்பித்தது சுவிட்சர்லாந்தில், சூரிச் நகரத்தின் ஹூர்லிமான் ஆலை. ஈஸ்ட் ஆராய்ச்சியில் பேர் வாங்கிய ஆலை அது. அந்தத் திறமை இங்கே ஏன் முக்கியம் என்றால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹாலை உண்டாக்குகிறது. ஆனால் ஆல்கஹால் ஒரு அளவைத் தாண்டினால் அதிலேயே ஈஸ்ட் சோர்ந்து படுத்துவிடும். 14 வரைக்கும் தாக்குப்பிடிக்கிற லாகர் ஈஸ்டை (லாகர் என்றால் குளிரில் மெதுவாகப் புளிக்க வைக்கும் பீர்) வளர்த்து எடுத்ததுதான் அவர்களுடைய சாதனை. 1980களின் தொடக்கத்தில் உலகத்திலேயே வலுவான பீர் என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்திலும் ஏறியது. 1990களில் அந்த ஆலை கைமாறி, இந்த பீரும் நின்றுபோனது. 2000இல் மேல் ஆஸ்திரியாவின் எகென்பெர்க் ஆலைக்காரர்கள் அதே செய்முறையில், அதே தேதியில் திரும்பத் தொடங்கினார்கள். ஒரு பீர் செத்துப் போய் மறுபடி வந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வகை என்று பார்த்தால் டாப்பல்பாக். முனிக் நகரத்தில் 17ஆம் நூற்றாண்டில் துறவிகள் காய்ச்சிய கனமான பீரின் வழி வந்தது. தவக்கால நோன்பில் சாப்பாட்டுக்குப் பதிலாக அதைக் குடித்தார்கள் என்று சொல்வார்கள்.

இப்போது ஊற்றுகிறேன். ஃபிரிட்ஜிலிருந்து இப்போதுதான் எடுத்தேன், தெர்மாமீட்டர் 6 டிகிரி காட்டுகிறது. நுரையைப் பாருங்கள், மெல்லிசாக ஒரு வளையம் வந்து உடனே அடங்கிவிட்டது. கேஸ் குறைவு, அது குறை இல்லை, இந்த பீர் அப்படித்தான். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு மாதிரி தெரியும். லைட்டுக்கு நேரே பிடிக்கிறேன்... தெரிகிறதா? செம்பழுப்பு, ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு. லேசாகச் சுழற்றினால் கண்ணாடி உள்பக்கம் கோடு கோடாக மெதுவாக இறங்குகிறது. ஆல்கஹால் இவ்வளவு இருப்பதால்தான் அந்தக் கோடுகள். மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, அதன் சர்க்கரையில் ஈஸ்ட் தின்று தீர்க்காமல் விட்டது இருப்பதால் மெதுவாக இறங்குகிறது.

முதல் மடக்கு. இனிப்பு, கடைசியில் ஒரு சூடு. அவ்வளவுதான். வாசனை என்று பெரிதாக எதுவும் இல்லை.

இதைத்தான் இன்றைக்கு உங்களிடம் பேச வந்தேன். நம் ஊரில் கடை முன்னால் நின்று கேட்கும் முதல் கேள்வியே “கூலிங் இருக்கா?” என்பதுதான். மே மாத வெயிலில் அது நியாயமான கேள்வி. லைட் லாகருக்கு அந்தக் குளிர் வேண்டும். ஆனால் கறுப்பான, கனமான பீரின் விஷயமே வாசனைதான். குளிரில் வாசனை மேலே எழும்பாது, நாக்குக்கும் ருசி மந்தமாகத் தெரியும். இவ்வளவு தூரம் வந்த பாட்டிலை ஐஸ் பெட்டியில் திணித்தால் பத்து மாதம் ஊறியதை நாமே பூட்டி வைத்த மாதிரி ஆகும். கண்ணாடியை அப்படியே வைத்துவிட்டுக் காத்திருப்போம். மார்கழியில்கூட சென்னை ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம், அதனால் ரொம்ப நேரம் ஆகாது. ஐரோப்பாக்காரர் கைக்குள் வைத்துச் சூடேற்றுவதை இங்கே காற்றே செய்துவிடும்.

(வீடியோவை நிறுத்தி வைத்திருந்தேன். எதிர் வீட்டில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரே சத்தம்.)

இப்போது 13 டிகிரி. மூக்கைக் கொண்டு போனாலே கிஸ்மிஸ், உலர்ந்த அத்திப்பழம். வாயில் வைத்தால் முதலில் கருப்பட்டி, ஆமாம், கருப்பட்டியேதான், அந்த லேசான புகை வாடையோடு. பின்னால் கேரமல், கொஞ்சம் ஷெர்ரி ஒயின். முழுங்கியதும் நெஞ்சுக்குள் சூடு மெதுவாகப் பரவுகிறது. ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) கசப்பு மிகக் குறைவு, இனிப்பு திகட்டாமல் பிடித்து நிறுத்துகிற அளவுக்கு மட்டும். அதே பாட்டில், அதே கண்ணாடி, 7 டிகிரிதான் வித்தியாசம். 18க்கு மேல் போகவிடாதீர்கள், அங்கே ஸ்பிரிட் காட்டம் தூக்கலாகிவிடும்.

சைடு டிஷ் விஷயம். காரமான மிக்சர், மிளகு போட்ட வறுவல் எதுவும் வேண்டாம். இந்த அளவு ஆல்கஹாலோடு சேர்ந்தால் காரம் இரண்டு மடங்காக எரியும், பீரின் ருசி காணாமல் போகும். நான் எடுத்து வைத்திருப்பது வேப்பேரி பேக்கரி ஒன்றின் பிளம் கேக், ஒரு அதிரசம். கேக் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அதிரசம்! வெல்லப்பாகு, ஏலக்காய், எண்ணெயில் கருகலாகச் சிவந்த அந்த விளிம்பு. ஒரு விள்ளல் கடித்து ஒரு மடக்கு எடுத்தால், பீரின் இனிப்பு பின்னால் போய் வறுத்த மால்ட் முன்னால் வருகிறது. தீபாவளிப் பலகாரம் மீதம் இருக்கும் வீட்டுக்காரர்கள் கண்டிப்பாகச் செய்து பாருங்கள்.

நம் கடைகளில் இதைத் தேடி அலைய வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் மது கொண்டு வர அனுமதி உண்டு, செக்-இன் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். இந்தியாவுக்குள் கொண்டு வந்தால் லாஃப்டில் போட்டுவிடாதீர்கள், நம் ஊர் வெப்பத்தில் வீணாகிவிடும். ஃபிரிட்ஜின் அடித்தட்டில், நிற்க வைத்து, வெளிச்சம் படாமல். அப்படி வைத்தால் வருஷக்கணக்கில் தாங்கும், முதிர்ந்தும் வரும்.

ஐரோப்பா பக்கம் யாரும் இல்லையென்றால் கொழும்பிலிருந்து வருகிறவரிடம் லயன் ஸ்டவுட் கேளுங்கள். 8.8 சதவீதம், நிஜமாகவே கறுப்பு, காபியும் டார்க் சாக்லேட்டும் கலந்த ருசி. அதையும் இதே மாதிரி, குளிர் குறைந்த பிறகு குடித்துப் பாருங்கள். எத்தனை டிகிரியில் உங்களுக்குப் பிடித்தது என்று எழுதுங்கள். அண்ணன் வண்டிச் சத்தம் கேட்கிறது, அவர் பங்கைக் கொடுக்கப் போகிறேன்.