பிறகு வந்து சேர்ந்த வாத்தியங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மேடையில் வாசித்து முடித்துவிட்ட ஜாஸ் இசையின்மேல், சில ஆண்டுகள் கழித்து, ஒலிப்பதிவுக்கூடத்தில் ஓர் ஆர்கெஸ்ட்ராவை ஏற்றிப் பதிவு செய்யும் வழக்கத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஜாஸ் கலைஞர்கள் ‘பேலட்’ என்று சொல்லும் விளம்பகாலப் பாடல்கள்தான் இந்த வேலைக்குச் சுலபமாக அகப்படுகின்றன. வேகமான உருப்படியில் நுழைய இடம் கிடைக்காது. மெதுவான உருப்படியிலோ, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே கேட்கும் மௌனத்தை எதையாவது வைத்து நிரப்பிவிட வேண்டும் என்று தயாரிப்பாளருக்குத் தோன்றிவிடுகிறது.

எனக்கு மிகவும் பழக்கமான ஒரு பதிவையே எடுத்துக்கொள்கிறேன். 1965ஆம் ஆண்டு ஜூன் மாதம், நியூயார்க்கில் ‘ஹாஃப் நோட்’ என்ற சிறிய கிளப்பில், கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி வாசித்தார். பியானோவில் விண்டன் கெல்லி, டபுள் பேஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப். அந்த நிகழ்ச்சிகளின் ஒரு பகுதி அதே ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்தது. மீதி ஒலிநாடாக்கள் வெர்வ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கையில் இருந்தன. 1968 ஜூன் மாதம், 45 வயதில், வெஸ் மாரடைப்பால் இறந்துபோனார். மறு ஆண்டு அந்த நாடாக்களிலிருந்து ‘வில்லோ வீப் ஃபார் மீ’ என்ற தட்டு வெளிவந்தபோது, சில பாடல்களின்மேல் இசைக்கோர்ப்பாளர் கிளாஸ் ஓகர்மன் எழுதிய பித்தளைக் குழல்களும் மரக்குழல்களும் ஏறியிருந்தன.

இந்த இடத்தில் வெஸ்ஸின் கட்டைவிரலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வருவதில்லை. இண்டியானாபோலிஸ் நகரத்தில், 20 வயதை ஒட்டி, ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, ஒரு மின்கிட்டாரும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கி, ஆசிரியர் யாருமில்லாமல், தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டே வாசிக்கக் கற்றவர் அவர். பிற்காலத்தில் பகல் முழுவதும் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, இரவில் ஒரு கிளப், நள்ளிரவுக்குப் பிறகு இன்னொரு கிளப் என்று விடியும்வரை வாசித்திருக்கிறார். வீட்டில் சாதகம் செய்தபோது அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்கவில்லை என்று முறையிட்டார்களாம். அதனால், தந்தியை மீட்டும் சிறு தகடான பிளக்ட்ரத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலின் சதையாலேயே தந்தியை வருடத் தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். அண்டைவீட்டார் சற்றுப் பொறுமைசாலிகளாக இருந்திருந்தால் உலகம் அந்த நாதத்தை இழந்திருக்கும். பிளக்ட்ரம் தந்தியில் படும்போது எழும் ‘டிக்’ என்ற ஓசை அவரிடம் கிடையாது. ஸ்வரம் வட்டமாக, மிருதுவாக வந்து விழும். முதலில் ஒற்றை ஸ்வரங்களாகத் தொடங்குவார். பிறகு ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில் ஒருசேர மீட்டுவார். கடைசியில் கார்டுகளாக, அதாவது பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் கொத்துகளாக, அடுக்கிக்கொண்டு போவார்.

கட்டைவிரலை இவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. கூர்மையான தொடக்கம் உள்ள ஒலி, எத்தனை வாத்தியங்கள் சூழ்ந்தாலும் துளைத்துக்கொண்டு வெளியே கேட்கும். மிருதுவான தொடக்கம் உள்ள ஒலி, அதே ஸ்தாயியில் நீண்ட ஸ்வரம் பிடிக்கும் குழல்கள் சேர்ந்தவுடன் அமுங்கிவிடும். ஜிம்மி காப் டிரம்மின் தோல்மீது பிரஷ்ஷால் வழித்துக்கொண்டே போகும் சரசரப்புக்கும் இதே கதிதான். மெதுவான பாட்டில் காலப்பிரமாணத்தைத் தாங்கிப் பிடிப்பதே அந்தச் சரசரப்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, சேர்ப்பவரின் சங்கடங்களுக்கு வருகிறேன். கிளப்பில் வாசித்த நால்வரும், தாளத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்துக்கொண்டு வாசிக்கவில்லை. ஒரு சொற்றொடரின் கடைசியில் சற்று இழுப்பார்கள், உணர்ச்சி ஏறும்போது சற்று முந்துவார்கள். நடத்துனர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அந்த இழுப்பையும் முந்தலையும் மனப்பாடம் செய்து கையசைக்க வேண்டும். கிளப்பின் பியானோ எந்தச் ஸ்ருதியில் இருந்ததோ, நாடா எந்த வேகத்தில் ஓடுகிறதோ, அதற்கு ஆர்கெஸ்ட்ரா முழுவதும் இணங்க வேண்டும். கெல்லி போகிறபோக்கில் மாற்றிப் பிடித்த கார்டுகளையெல்லாம் காதால் கேட்டு எழுதியெடுத்த பிறகே இசைக்கோர்ப்பாளர் தம் பேனாவைத் திறக்க முடியும். இவ்வளவையும் சரிசெய்தாலும் அறை ஒன்றாகாது. கிளப்பின் ஒலிவாங்கியில் கோப்பைகளின் கிணுகிணுப்பும் பேச்சொலியும் கலந்திருக்க, ஒலிப்பதிவுக்கூடத்துக் குழல்கள் துடைத்த சுத்தத்தோடு வேறோர் இடத்திலிருந்து கேட்கும்.

என் உண்மையான ஆட்சேபம் இவற்றுக்கெல்லாம் அப்பாற்பட்டது. ஒரு பாடகரின் பழைய ஆலாபனைப் பதிவை ஒலிக்கவிட்டு, அதற்கு இன்று ஒரு வயலின் வித்துவான் பக்கவாத்தியம் வாசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வித்துவான் பாடகரைக் கேட்கிறார். பாடகர் வித்துவானைக் கேட்பதில்லை. ஹாஃப் நோட்டில் கெல்லி ஒரு கார்டை அழுத்தினால் வெஸ்ஸின் அடுத்த சொற்றொடர் அதற்குப் பதிலாக வரும். ஓகர்மனின் குழல்களுக்கு அந்தப் பதில் ஒருபோதும் வராது. ஓகர்மன் தேர்ந்த கலைஞர், வெஸ்ஸை அறிந்தவர். 1966இல் ‘டெக்கீலா’ தட்டுக்கு இசைக்கோர்ப்பு செய்தவரும் அவரே. ஆகவே திறமைக்குறைவு என்று நான் சொல்லவில்லை. பதில் கிடைக்காத உரையாடலில் குறைவாகப் பேசுவதே நாகரிகம் என்பதுதான் என் வாதம். சொற்றொடர் முடிந்த இடத்தில் நுழைந்து, அடுத்தது தொடங்குமுன் விலகிவிட்டால் போதும்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஆர்கெஸ்ட்ரா ஏறிய இந்தத் தட்டுக்கு 1970இல் கிராமி விருது கிடைத்தது, சிறு குழு ஜாஸ் என்ற பிரிவில்! 2005இல் வந்த ஹாஃப் நோட் மறுபதிப்பில், சேர்ப்புகள் இல்லாத மூலத்தையே கேட்கலாம். ஒரே பாடலை இரண்டு விதமாகவும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலில் பிரஷ்ஷின் ஓசையைத் தேடுங்கள்.

கடிகாரம் என்னை விரட்டுகிறது. பாடகர் ரே சார்ல்ஸைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். இனிச் சுருக்கமாகத்தான் முடியும். 1970களின் மேடைப் பதிவு ஒன்றில் அவர் குரல் மட்டும் தெளிவாகவும், பின்னணி இசை மோசமாகவும் பதிவாகியிருந்தது. அவர் மறைந்த பிறகு, கவுண்ட் பேஸி ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ் குழுவைப் புதிதாக வாசிக்கவைத்து, 2006இல் அதை வெளியிட்டார்கள். அங்கே ஏற்கெனவே நன்றாக இருந்த வாசிப்பின்மேல் எதையும் ஏற்றவில்லை. கெட்டுப்போன பின்னணிக்குப் பதிலாகவே புதியதை வைத்தார்கள். அதனால் அந்தத் தட்டின்மேல் எனக்கு அவ்வளவு கோபமில்லை. நன்றி, வணக்கம்.