நடந்ததைச் சொல்லுங்கள்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'நாட்டுக்குப் பாதுகாப்பு ராணுவத்தின் ரகசியமா, மக்கள் அறியும் உரிமையா?' இதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், பொதுமக்கள் தவறுதலாக இறந்துபோனால் ராணுவமே உள்ளுக்குள் விசாரித்துக்கொள்ளட்டும், ஊரறியப் பேசினால் வீரர்களின் மனஉறுதி குலையும் என்றார். அவரை நான் நாகாலாந்துக்கு அழைத்துப் போகிறேன்.

மோன் மாவட்டம், ஓட்டிங் கிராமம். 2021 டிசம்பர் 4, சனிக்கிழமை. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் 8 பேர், பிக்கப் வண்டியில் வீடு திரும்புகிறார்கள். தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவச் சிறப்புப் படை சுடுகிறது. 6 பேர் பிணமானார்கள். ஆளைக் காணோமே என்று தேடிப்போன ஊர்க்காரர்கள், அந்த 6 உடல்களும் சுற்றப்பட்டு இன்னொரு வண்டியில் ஏற்றப்பட்டிருந்ததைக் கண்டார்கள். சொல்வது நானல்ல, மாநிலப் போலீஸ். அங்கே மூண்ட மோதலில் மேலும் 7 ஊர்க்காரர்களும் ஒரு ராணுவ வீரரும் உயிரிழந்தார்கள். அந்த வீரரும் நம் பிள்ளைதான் ஐயா!

இரண்டே நாளில் உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். ஆனால், நிறுத்தச் சொல்லியும் வண்டி தப்பப் பார்த்தது என்றும் சொன்னார். உயிர் தப்பியவரோ, எங்களை யாரும் நிறுத்தச் சொல்லவே இல்லை என்றார். மாநிலத்தின் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரித்தது. ஆள் யாரென்று உறுதி செய்யாமலே சுட்டார்கள் என்று 2022-இல் 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை வைத்தது. அந்த விசாரணை நடக்காமல் இருந்திருந்தால், செத்தவர்கள் மேல் 'தப்பி ஓடப் பார்த்தவர்கள்' என்ற பழி அப்படியே நின்றிருக்கும். முதலில் உயிர் போனது, அடுத்து பெயரும் போயிருக்கும்!

வழக்கு நடந்ததா? 1958-ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டப்படி, ராணுவத்தினர் மீது வழக்கு நடத்த மத்திய அரசு அனுமதி தர வேண்டும். 2023-இல் அனுமதி மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அனுமதி கிடைத்தால் மேற்கொண்டு நடத்தலாம் என்று சொல்லி வழக்கை முடித்து வைத்தது.

மனஉறுதி என்கிறீர்களே, யாருடைய மனஉறுதி? சுட்டவர் யார், உத்தரவு போட்டவர் யார் என்பதை மறைத்தால், பனியில் நின்று ஒழுங்காகக் காவல் காக்கும் வீரன் மேலும் அதே சந்தேகம் விழுகிறது. அவனுக்கு நாம் செய்யும் துரோகம் அது.

எதிரிக்குத் துப்புக் கிடைத்துவிடும் என்றும் சொன்னீர்கள். நாளைய தாக்குதல் திட்டத்தையா கேட்கிறோம்? நேற்று செத்தவன் எப்படிச் செத்தான் என்று கேட்கிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் மனித உரிமை மீறல் புகாருக்கு அந்த விலக்கு செல்லாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2005-லேயே நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டதை எதிரணி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை!

அமெரிக்காவைப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 29, காபூலில் ட்ரோன் தாக்குதல். தீவிரவாதியை அடித்தோம் என்றார்கள். பத்திரிகையாளர்கள் தோண்டிய பிறகுதான், இறந்த 10 பேரும் அப்பாவிகள், அதில் 7 குழந்தைகள் என்று செப்டம்பர் 17-இல் ராணுவம் ஒப்புக்கொண்டது. யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆனாலும் அந்தக் குழந்தைகளைத் தீவிரவாதி வீட்டுப் பிள்ளைகள் என்று இனி எவரும் சொல்ல முடியாது.

நடுவர் அவர்களே, ஓட்டிங் சம்பவத்தை ராணுவமும் தனியாக விசாரித்தது. அந்த விசாரணையில் தெரிந்தவற்றிலிருந்து ஆயுத விவரம், உளவுத் துப்பு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மிச்சத்தை அந்தக் குடும்பங்கள் கையில் கொடுங்கள் என்கிறது எங்கள் அணி. இதில் நாட்டுக்கு என்ன ஆபத்து என்று எதிரணி சொல்லட்டும். நன்றி, வணக்கம்.